ஒரு இம்மி ஆட்டம்

வாய்க்கால்பாலத் தெருவில் ஒருவர் தலையும் ஆடாமல் நின்றுபோனது, நான் என் சைக்கிளின் முன்சக்கரத்தை இறுக்கிய வியாழக்கிழமை காலையில்தான் என்பதை வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மற்றவர்கள் சொன்னால் அதில் ஒரு சாமியார் வருவார், ஒரு கருநாகம் வரும், பௌர்ணமி வரும். இதில் அப்படி ஒன்றும் வரவில்லை. ஒரு ஸ்பேனரும், ஒரு டப்பா கிரீசும், பொறுமையே இல்லாத ஒரு பொம்பளையும்தான்.

அந்தச் சைக்கிள் என் மகள் செண்பகா பள்ளிக்கூடம் போக வாங்கியது. அவள் படித்து முடித்து, ஜங்ஷனில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்கூட்டரில் பறக்க ஆரம்பித்த பிறகு அது என் கைக்கு வந்தது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கும் மாவு மில்லுக்கும் நான் அதில்தான் போகிறேன், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கொஞ்ச நாளாக முன்சக்கரம் ஆட ஆரம்பித்திருந்தது. ஹேண்டிலை நான் நேராகத்தான் பிடிக்கிறேன், சக்கரம் மட்டும் இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று, கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிக்கொண்டே வருகிற மனுஷன் மாதிரி வரும். அப்படிப்பட்ட மனுஷர்களையே எனக்கு ஆகாது. சக்கரத்தை எப்படி ஆகும்?

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிற சுடலையிடம் கொண்டுபோனேன். "நாளைக்குத் தந்துருவியா?" என்றால் தலையை ஆட்டினான். மறுநாள் போய் "பாத்தியா?" என்றால் ஆட்டினான். "பாக்கவே இல்லையா?" என்றாலும் அதே ஆட்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் கான்வென்டில் படித்தவள். ஆவுடையம்மாள் என்கிற பெயர் சிஸ்டர் பெர்பெச்சுவாவின் வாயில் நுழையாமல் ஆட்ரி ஆகி, பள்ளி முடிகிற வரை அந்த ஆட்ரியாகவே இருந்தவள். கேள்வி கேட்டு யாராவது தலையை ஆட்டிவிட்டால் போதும், சிஸ்டர் மர ஸ்கேலை மோவாய்க்கு அடியில் கொடுத்து முகத்தைத் தூக்கி, "உன் தலை என்ன கழன்றா கிடக்கிறது? யெஸ்ஸா, நோவா?" என்பார். ஐந்தாம் வகுப்பு தாண்டும்போது என் தலை ஆடுவதை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் தலையாட்டியதில்லை. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை. இப்படி ஒருத்தியைக் கொண்டுவந்து, தலையாட்டியே பிழைக்கிற ஒரு தெருவில் வாழ விட்டால் எப்படி இருக்கும்?

என் வீட்டுக்காரர் குற்றாலலிங்கம் அதில் கைதேர்ந்தவர். அரசாங்க ஆபீசில் வேலை. அங்கே மேலே இருப்பவருக்கும் ஆட்டுவார், கீழே இருப்பவனுக்கும் ஆட்டுவார், இரண்டு பேரும் திருப்தியாகப் போவார்கள். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, காப்பி டம்ளரும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் "பொண்ணைப் புடிச்சிருக்கா தம்பி?" என்று என் சித்தப்பா கேட்டதற்கு ஒரு ஆட்டு ஆட்டினாரே, அது சரியா, வேண்டாமா என்று எனக்கு இன்று வரை தெரியாது. கூடத்தில் இருந்தவர்கள் சரி என்று எடுத்துக்கொண்டார்கள், மேளம் கொட்டினார்கள், நானும் வந்து குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆட்டு அப்படியே அச்சு மாறாமல் செண்பகாவுக்கு வந்திருந்தது. போன தை மாதம் சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வரன் வீட்டார் வந்தார்கள். "சம்மதமாம்மா?" என்றார்கள். இவள் குனிந்தபடியே தலையை ஆட்டினாள். அவர்கள் அதை ஆமாம் என்று பிடித்துக்கொண்டு நேரே கல்யாண மண்டபம் பார்க்கப் போய்விட்டார்கள், இவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

"நான் ஆமான்னா சொன்னேன்?"

"ஏட்டி, அப்ப இல்லைன்னா சொன்னே?"

அதற்கும் ஆட்டினாள். மண்டபத்து வாசலிலிருந்து அந்த ஜனங்களைத் திரும்ப அழைத்து, காரணம் சொல்லி, கும்பிடு போட்டு அனுப்புவதற்குள் எனக்கு மறை கழன்றுவிட்டது.

இப்போது நாகர்கோவிலிலிருந்து தாணுமாலயன் என்று ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறான். மஸ்கட்டில் வேலை, லீவு முடியப்போகிறது, அதனால் பதிலை அங்கேயே அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு வரனைப் பற்றி ஒரு குறையும் இல்லை. இந்தத் தடவையும் இவள் தலையை ஆட்டி, அதற்கு யாரோ தங்கள் சௌகரியத்துக்கு ஒரு அர்த்தம் பண்ணி, என் பிள்ளை ஒரே ஒரு தலையாட்டலில் கடல் தாண்டிப் போய்விடுவாளோ என்கிற பயம்தான், சோறு இறங்காமல் நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும். உண்டு என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சக்கரம் வேறு ஆடியது.

பின்கட்டில் சாக்கை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு கையால் ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரிம்மை இழுத்துத் தள்ளிப் பார்த்தேன். டக், டக் என்று உள்ளே இடித்தது, விழப்போகிற பல் மாதிரி. சாப்பாட்டுத் தூக்கோடு ஆபீசுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் கொஞ்சம் நின்றார்.

"ஆவுடை, ரொம்ப இறுக்கிராத. கொஞ்சம் ஆட்டம் வேணும்பாக."

"எவ்வளவு ஆட்டம்?"

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே எடுத்தேன். நடுவில் இருக்கிற குடத்துக்குள், ஹப்பு என்று கடைக்காரர்கள் சொல்கிற அதற்குள், அச்சு தொளதொளவென்று கிடந்தது. தையல் மெஷின் பெட்டியில் கிடந்த தட்டை ஸ்பேனரை எடுத்துப் பூட்டு நட்டைத் தளர்த்தி, அதற்கடியில் கூம்பாக உட்கார்ந்திருக்கிற கோனைத் திருகி எடுத்தால், கறுத்த கிரீசுக்குள் மீன் முட்டை மாதிரி இரும்புக் குண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெயில் கழுவிப் பழைய இட்லித் தட்டின் குழிகளில் பத்திரமாக வைத்தேன். புதுக் கிரீசை அப்பினேன், குண்டுகளைத் திரும்பப் பதித்தேன், கோனைக் கை விரலாலேயே திருகிக்கொண்டு போனேன். அது குண்டுகளைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும், பிறகு ஒரு பொடி அளவு பின்னால் விட்டுத்தான் பூட்ட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். போனில் வீடியோ பார்த்திருந்தேன். ஆனால் அச்சைப் பிடித்து ஆட்டினால் இன்னும் ஒரு இம்மி ஆட்டம் இருந்தது. ஒரே ஒரு இம்மி. வேறு யாராவதாக இருந்தால் விட்டுவிட்டுக் கையைக் கழுவப் போயிருப்பார்கள். எனக்குச் சுடலை ஞாபகம் வந்தான், சங்கரன்கோவில்காரர்கள் ஞாபகம் வந்தார்கள், கூடத்தில் டம்ளரோடு உட்கார்ந்திருந்த ஒரு மாப்பிள்ளை ஞாபகம் வந்தார். ஸ்பேனரைப் போட்டு இறுக்கினேன். "உன் ஆட்டம் இன்னையோட சரி" என்று சக்கரத்திடம் சொன்னேன், சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு இழுப்பு. உள்ளே கறக் என்றது. சக்கரம் அம்மிக்கல் மாதிரி நின்றுவிட்டது. அந்த விநாடியில் தெருவில் காக்காகூடக் கத்தவில்லை என்று பிறகு சிலர் சொன்னார்கள், பொய். காக்கா பாட்டுக்குக் கத்திக்கொண்டுதான் இருந்தது.

சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு இசக்கி மதினியின் முகம் தெரிந்தது.

"மதினி, முருங்கைக்கீரை பறிக்கப்போறேன், வேணுமா?" என்றேன்.

வழக்கமாக அவள் தலை ஒரு ஆட்டு ஆடும், நான் பறித்துக் கொடுப்பேன், சாயங்காலம் "நான் வேண்டாம்னுல்லா சொன்னேன்" என்பாள். அன்றைக்கு அந்தத் தலை சிமெண்டில் பதித்த மாதிரி நின்றது. கண்கள் மட்டும் உருண்டன. கழுத்தைத் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேணும்" என்றாள். சொல்லிவிட்டு, பல் விழுந்துவிட்டதோ என்று பார்க்கிறவள் மாதிரி வாய்க்குள் நாக்கைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் தெரு முழுவதும் அப்படி ஆகிவிட்டது. கழுத்து பார்ப்பதற்குத் திரும்பியது, சாப்பிடக் குனிந்தது, மழை வருகிறதா என்று பார்க்க நிமிர்ந்தது. பதில் சொல்ல மட்டும் ஆடவில்லை. டாக்டரை வரவழைத்தார்கள். அவர் பாலத்தைத் தாண்டித் தெருவுக்குள் வந்து, நாலைந்து பேர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "சரியாயிருமா டாக்டர்?" என்று கேட்டதற்கு எப்போதும் போல ஆட்டப் பார்த்து, முடியாமல், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். டாக்டர் ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லி எங்கள் தெரு கேட்டதே இல்லை. அவரும் சொல்லிப் பழக்கமில்லை போலிருக்கிறது. பையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு வேளையில்தான் கஷ்டம் முழுதாகத் தெரிந்தது. "குழம்பு எப்படி இருக்கு?" என்று பெண்கள் கேட்டார்கள். இத்தனை வருஷமாக ஆடிய தலைகளை எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எண்ணிக்கொண்டிருந்த பெண்கள். மறுநாள் காலையில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை, ஆண்கள் வரிசையாக இட்லிக் கடையில் நின்றார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ரேடியோவில் கச்சேரி கேட்கும்போது தலையை ஆட்ட வழியில்லாமல் "அடடா, அடடா, அடடா" என்று வாயாலேயே சொல்லவேண்டியிருந்ததால், பாட்டு ஒரு வரிகூடக் காதில் விழவில்லை என்று அவர் வீட்டம்மா எங்கள் வீட்டில் வந்து முறையிட்டாள். முக்குக் கோயிலில் குறி கேட்கப் போனவர்களுக்குச் சாமி ஆடாமல், காலை மடக்கி உட்கார்ந்து, ஆபீசர் மாதிரி நிதானமாகப் பதில் சொல்லியனுப்பியது. தையல்காரர் லூர்துவிடம் "அடுத்த வெள்ளிக்கிழமை பிளவுஸ் தந்துருவியளா?" என்று கேட்டதற்கு, "தரமாட்டேன், துணியே இன்னும் வெட்டல, தீபாவளிக்கே சந்தேகம்தான்" என்று அவர் வாய் அவரையும் மீறிச் சொல்லிவிட, அன்று மாலையே மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் சுடலையின் கடையோரத்தில் உட்கார்ந்துகொண்டார். அங்கே இரண்டு பேருமாகப் பகலெல்லாம் சுகமாகத் தலையாட்டிக்கொண்டிருப்பது எங்கள் மாடியிலிருந்து தெரியும்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் கால் வைத்தால் யாருக்கும் தலை ஆடாது என்பது ஒரே நாளில் ஊர் முழுக்கப் பரவியதும், எங்கள் தெரு ஒரு உபயோகமான இடமாகிவிட்டது. "இதை வாய்க்கால்பாலத் தெருவுல வந்து சொல்லு பாப்போம்" என்பது பாளையங்கோட்டையில் ஒரு மிரட்டலாயிற்று. மாமியார்கள் மருமகன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கிருந்தோ ஒரு பெண் ஒரு பையனின் கையைப் பிடித்து இழுத்துவந்து தெருமுனையில் நிறுத்தி, மெதுவாக ஏதோ கேட்டாள். அவன் சொன்ன ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு தனியாகத் திரும்பினாள். இசக்கி மதினிதான் ஓடிப்போய் அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். வாய்க்கால் எப்போது தூர்வாருவார்கள் என்று கேட்டு எழுதிப்போட்டிருந்ததற்கு வார்டு கவுன்சிலர் நேரில் வந்தார், ஆனால் பாலத்தைத் தாண்டவில்லை. அக்கரையில் காரை நிறுத்தி, மைக் வைத்துப் பேசி, நாங்கள் கேட்டதற்கெல்லாம் அங்கிருந்தபடியே வேகவேகமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

காரணம் என் சக்கரம்தான் என்பதைக் கண்டுபிடிக்க ஒருவருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. "உங்க வீட்டுத் தொட்டி நிரம்பி வழியுது" என்று சொல்கிற மாதிரி, "அக்கா, உங்க வீட்டுச் சக்கரத்தை இறுக்கினதுல இருந்து கழுத்து நின்னுபோச்சு" என்று போகிற போக்கில் சொன்னார்கள். சனிக்கிழமை காலையில் வாசலில் கூட்டமாக வந்து நின்றார்கள். இசக்கி மதினியை முன்னால் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"மதினி, கொஞ்சம் தளத்தி விடுங்களேன். உங்க அண்ணாச்சி உண்மையா சொல்லிச் சொல்லி, நான் ரெண்டு நாளா அவுக முகத்துலயே முழிக்கல."

"ஒரு இம்மிகூட ஆடல மதினி, அவ்வளவு நேர்த்தியா பூட்டியிருக்கேன்."

"உருளவும் இல்லையே? நீங்களே தூக்கிக்கிட்டுல்லா மார்க்கெட்டுக்குப் போறிய?"

அது உண்மைதான். தள்ளினால் கறகறவென்று இரண்டு அடி வரும், நிற்கும். அதற்காக நான் ஒப்புக்கொள்வேனா?

"நாளைக்கு என் பிள்ளையைப் பாக்க வாராக. அவ வாயைத் திறந்து ஒரு பதில் சொல்லட்டும். சொன்ன மறுநிமிஷம் தளத்தி விடுதேன்."

எல்லோர் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். "சரி" என்றார்கள், ஒவ்வொருவராக, வாயால்.

என் வீட்டுக்காரரை நான் வெள்ளிக்கிழமை காலையிலேயே பிடித்துவிட்டேன்.

"என்னங்க, அன்னைக்கு எங்க சித்தப்பா கேட்டதுக்குத் தலையை ஆட்டினியளே, அது சரியா, வேண்டாமா?"

இவர் கழுத்தில் நரம்பு புடைத்தது. சட்டையை மாட்டினார், பட்டனைத் தப்பாகப் போட்டார், கழற்றினார்.

"காப்பி சூடா இருந்துச்சு."

"என்னது?"

"நாக்கு பொத்துப்போச்சு. அதுக்குத்தான் தலையை ஆட்டினேன். அவுக என்ன கேட்டாகன்னே எனக்குக் காதுல விழல. நிமிந்து பாத்தா எல்லாரும் சிரிச்சுக்கிட்டு வெத்தலைபாக்கு மாத்துதாக."

நான் தோசைக்கரண்டியோடு நின்றேன். தோசை கருகியது.

"அப்ப, சரின்னு நீங்க சொல்லவே இல்ல."

"இப்பக் கேளேன்" என்றார்.

நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். தோசையைத் திருப்பிப்போடப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பையனும் அவன் அம்மா பகவதியம்மாளும் காரில் வந்தார்கள். பாலத்தைத் தாண்டியதும் கழுத்து நின்றுபோனதை அந்த அம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; "வண்டி ஏசி ஒத்துக்கிடல" என்று தைலம் தடவிக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தாள். காதில் பெரிய ஜிமிக்கி. குரல் அதைவிடப் பெரிது. பையன் ஒல்லியாக, அமைதியாக, சுவரோரத்து நாற்காலியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தான். அல்வா கொடுத்தேன், மிக்சர் கொடுத்தேன். செண்பகா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றாள். தெருப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே முருங்கைக்கீரை கேட்கிற சாக்கில் இசக்கி மதினியும், வேறு சாக்குகளில் மற்ற பெண்களும் நின்றிருந்தது எனக்குத் தெரியும்.

"வளைச்சுப் பேசுத சோலி நமக்குக் கிடையாது" என்றாள் பகவதியம்மாள். "பிள்ளை லெச்சணமா இருக்கா." செண்பகா பக்கம் திரும்பினாள். "என்ன மக்களே, சம்மதந்தானே?"

செண்பகாவின் கழுத்து ஆடப் பார்த்ததை நான் பார்த்தேன். தோள் லேசாக அசைந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. சொல்லு, சொல்லு, சொல்லித் தொலை என்று என் மனசு அடித்துக்கொண்டது. சிஸ்டர் பெர்பெச்சுவாவின் ஸ்கேலை நானே அவள் மோவாய்க்கடியில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

"தெரியல" என்றாள் செண்பகா.

"தெரியலன்னா?"

"சரியும் இல்ல, வேண்டாமும் இல்ல." ஆரம்பித்ததும் அவளுக்கு வார்த்தை வந்துவிட்டது. "இவுகள இப்பத்தான் பாத்தேன். நல்லவுக மாதிரிதான் தெரியுது. அதுக்காக மஸ்கட் வரைக்கும் எப்படிக் கிளம்புதது? கொஞ்ச நாள் பேசிப் பாக்கணும். இதைத்தான் நான் எப்பவும் தலையாட்டிச் சொல்லுதேன். நீங்கள்லாம் அதை ஆமான்னு எடுத்துக்கிடுதிய, இல்லைன்னு எடுத்துக்கிடுதிய. நான் சொல்லுதது எதுவோ அதை ஒருத்தரும் எடுத்துக்கிட மாட்டேங்கிறிய."

ஜன்னலுக்கு வெளியே யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"எனக்கும் அதேதாம்மா" என்றான் தாணுமாலயன், சுவரோரத்திலிருந்து.

"நீ வாயை மூடு." பகவதியம்மாள் டம்ளரை ணங்கென்று வைத்தாள். "லீவு முடிஞ்சு நீ பிளேன் ஏறணும், நான் அடுத்த லீவு வரைக்கும் காத்துக் கிடக்கணுமா? இதுக ரெண்டும் கிடக்கட்டும். சம்பந்தி, நீங்க சொல்லுங்க. நீங்க கான்வென்டுல படிச்சவிய, வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு பேசுவியன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். பிள்ளையை மஸ்கட்டுக்கு அனுப்ப உங்களுக்குச் சம்மதமா? உண்டா, இல்லையா?"

வாயைத் திறந்தேன்.

உண்டு என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது, வரும்போதே கதவில் தொங்குகிற செண்பகாவின் ஈரத்துண்டு இல்லாத ஒரு வீட்டையும் இழுத்துக்கொண்டு வந்தது. வாசலில் ஸ்கூட்டர் மட்டும் உறை போட்டு நிற்கிற வீடு. சரி, இல்லை என்று சொல்லலாம் என்றால், என் அல்வாவைச் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைக்கத் துணி தேடி, செண்பகா எடுத்துக் கொடுத்ததற்கு இந்தப் பையன் ஒரு சிரிப்புச் சிரித்தானே, அந்தச் சிரிப்பு குறுக்கே வந்து நின்றது. இரண்டும் உண்மை. இரண்டும் பொய். என் கழுத்துக்குள் எங்கோ, பள்ளிக்கூட நாளிலிருந்து அசையாத ஒன்று, கறக் என்றது. கூடம் முழுவதும் என் வாயையே பார்த்தது. செண்பகாவும் பார்த்தாள், அவள் பார்த்த பார்வையில், இவளிடம் நான் இத்தனை நாளும் என்ன கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது.

"அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன்.

சைக்கிளைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு, பட்டுச்சேலையோடு சாக்கில் மண்டி போட்டேன். சக்கரத்தின் வெளி நட்டைத் தளர்த்தினேன், பூட்டு நட்டைத் தளர்த்தினேன், தட்டை ஸ்பேனரால் கோனைப் பிடித்துக் கால் திருகல்கூட இல்லை, அரிசி மணி அளவு பின்னால் விட்டேன். திரும்பப் பூட்டினேன். ரிம்மை ஒரு தட்டுத் தட்டினால் சத்தமே இல்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் மெதுவாகி, காற்றடிக்கிற வால்வு கனத்தில் கீழே வந்து, அதைத் தாண்டிக் கொஞ்சம் போய், திரும்பிக் கொஞ்சம் வந்து, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு என்று ஆடி ஆடி நின்றது. ரிம்மைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒரு இம்மி ஆட்டம்.

கூடத்திலிருந்து ஜிமிக்கிச் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால் பகவதியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், கட்டுப்போட்டு அவிழ்த்த கையை நீட்டி மடக்குகிறவள் மாதிரி, அவ்வளவு சுகமாக. செண்பகா ஆட்டினாள். தாணுமாலயன் ஆட்டினான். என் வீட்டுக்காரர் ஆட்டினார், அது எல்லோரையும் விட அழகாக இருந்தது, பழகின தலை இல்லையா. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் ஆட்டினார்கள், எதிர்வீட்டில் வாத்தியார் ரேடியோவுக்கு ஆட்டினார், தெருவில் அன்றைக்குச் சாயங்காலம் வரை யாரும் யாரிடமும் பேசவில்லை, ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போனார்கள், வந்தார்கள்.

"அப்ப வாரோம் சம்பந்தி" என்று பகவதியம்மாள் எழுந்தாள். பையன் போனை எடுத்தான், செண்பகா நம்பர் சொன்னாள். என் பதிலை யாரும் கேட்கவில்லை. கார் பாலம் தாண்டுகிற வரை அந்த அம்மாளின் ஜிமிக்கி ஆடிக்கொண்டே போனது. அது உண்டா, இல்லையா என்று நானும் கேட்கவில்லை.

பையன் மஸ்கட் போய்ச் சேர்ந்தான். சாயங்காலங்களில் மொட்டைமாடியில் செண்பகா போனோடு நடந்தாள். சிரித்தாள், சண்டை போட்டாள், ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், மறுபடி நடந்தாள். லூர்து மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவுக்குத் திரும்பிவந்து பிளவுசுக்கு நாள் சொல்ல ஆரம்பித்தார். இசக்கி மதினி முருங்கைக்கீரைக்குத் தலையாட்டினாள், நான் பாதிக்கட்டு மட்டும் கொடுத்தேன். என் சைக்கிள் வெண்ணெய் மாதிரி ஓடியது.

அப்புறம் ஒரு நாள் காலையில், நான் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது, செண்பகா அடுக்களை வாசலில் வந்து நின்றாள். இப்போது யாருடைய தலையும் தாராளமாக ஆடும், அவளுடையதும் ஆடும், ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"சம்மதம்மா" என்றாள்.

அவள் தலை துளிகூட அசையவில்லை. சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். ஸ்கூட்டர் சத்தம் பாலம் தாண்டுகிற வரை கேட்டது.

பேப்பரைக் கீழே வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார்.

"ஆவுடை, உனக்கு?"

என் தலை ஆடியது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு முதல்முறையாக, இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு, நிறுத்தவும் முடியவில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"காப்பி சூடா இருக்கு" என்றேன். என் கையில் டம்ளரே இல்லை.